அப்பா தினமும் சாப்பிடும் ஓட்டல்காரர்களுக்கு தீபாவளிக்கு என்ன கொடுக்கலாம்?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் புனேயில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, மதுரை சிம்மக்கல் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா போன பிறகு எங்களோடு வந்து இருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் வரவில்லை, சமையலுக்கு ஆள் வைக்கவும் சம்மதிக்கவில்லை. காலையும் இரவும் தெருமுனையில் இருக்கும் ஒரு சின்ன சைவ ஓட்டலில்தான் அவருக்குச் சாப்பாடு.

அந்த ஓட்டல்காரர்கள் அவரைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து காபியில் சர்க்கரை போட மாட்டார்கள், அவரே கேட்டாலும் மாட்டார்கள். மூன்றாவது தோசை சொன்னால் மூத்த சப்ளையர் அண்ணன் "போதும் சார், ராத்திரி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். போன ஆடியில் ஒரு நாள் மணி ஒன்பதாகியும் அப்பா வரவில்லை என்று ஒரு தம்பியை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போய், எனக்கு போன் போட்டுச் சொல்லி, நான் வந்து சேரும்வரை மாற்றி மாற்றி ஒருவர் கூடவே இருந்திருக்கிறார்கள். காய்ச்சல் விடும்வரை கஞ்சி வீட்டுக்கே வந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன். அவர்களுக்கு ஏதாவது செய்யாமல் திரும்பிப் போக எனக்கு மனசு வராது. 12,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலாளியைத் தவிர எட்டுப் பேர்: சப்ளையர் இரண்டு பேர், தோசை மாஸ்டர், சாம்பார், சட்னி எல்லாம் செய்யும் சரக்கு மாஸ்டர், பாத்திரம் கழுவும் அக்கா, டேபிள் துடைத்து இலை எடுக்கும் வயதான அம்மா, அப்புறம் பீகார் தம்பிகள் இரண்டு பேர், அவர்கள்தான் காய் நறுக்குவது, மாவாட்டுவது, பார்சல் கட்டுவது எல்லாம்.

ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், ஓட்டலில் வேலை செய்பவர்களுக்குப் போய் ஸ்வீட்டா என்று இருக்கிறது. பணமாகக் கொடுத்தால் அன்றைக்குச் செய்ததற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரியா, ஆளுக்குத் தகுந்த மாதிரியா? ஓட்டல் தொழில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கல்லாப்பெட்டி:

தம்பி, எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக ஓட்டல்தான் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பரிசுக்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அன்றைக்கு ஆட்டோவுக்கும் டாக்டருக்கும் மருந்துக்கும் காசு யார் கையிலிருந்து போனது என்று விசாரித்தீர்களா? கல்லாவிலிருந்து எடுத்திருந்தால் பரவாயில்லை, முதலாளி பார்த்துக்கொள்வார். சப்ளையர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்திருந்தால் அது அவருடைய அன்றைய பேட்டா. அவராக வாய் திறந்து கேட்க மாட்டார். அதை முதலில் தனியாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், பரிசோடு சேர்த்துவிடாதீர்கள். கூடவே முதலாளியிடம் ஒரு 2,000 ரூபாயைக் கொடுத்து, அப்பாவுக்கு அவசரம் என்றால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வையுங்கள். அடுத்த தடவை யாரும் யாரிடமும் கைமாற்று கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

அப்புறம், என்ன கொடுத்தாலும் முதலாளிக்குத் தெரிந்து கொடுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தொழிலாளிக்குத் தனியாகக் கவர் கொடுக்கிறார் என்றால் எந்த முதலாளிக்கும் முதலில் சந்தேகம்தான் வரும், பில் போடாமல் ஏதும் போகிறதோ என்று. "தீபாவளிக்கு நம்ம ஆளுங்களுக்கு ஏதோ செய்யணும்னு அப்பா ஆசைப்படுறார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவரும் சந்தோஷப்படுவார். ஆனால் தெரிவிப்பது வேறு, அவர் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கை வழியாகப் போனால் அது முதலாளி கொடுத்த தீபாவளிக் காசாகத்தான் கணக்காகும், சில இடத்தில் அட்வான்ஸில் கழித்துக்கொள்வதும் உண்டு.

பணம் கொடுக்கத் தயங்க வேண்டாம். போனஸ் சட்டம் 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான், அங்கேதான் குறைந்தது 8.33 சதவீதம் என்ற கணக்கெல்லாம். எட்டுப் பேர் வேலை செய்யும் ஓட்டலில் தீபாவளிக்கு என்ன கிடைக்கும் என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. ஒரு துணியும் ஆயிரமோ இரண்டாயிரமோ வந்தால் உண்டு.

டிப்ஸ் விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். டிப்ஸ் என்பது சப்ளையர் கைக்குத்தான் வரும். கல்லுக்கு முன்னால் அந்த அனலில் நிற்கும் தோசை மாஸ்டருக்கோ, விடியற்காலை நான்கு மணிக்கு வந்து சாம்பாருக்கும் சட்னிக்கும் தாளிக்கும் சரக்கு மாஸ்டருக்கோ யார் கொடுக்கிறார்கள்? சில கடைகளில் ஒரு டப்பாவில் போட்டு வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் பிரித்துக்கொள்வார்கள், பல இடத்தில் அந்தப் பழக்கம் இல்லை. போனில் ஸ்கேன் செய்து பில் தொகையை மட்டும் அனுப்பும் பழக்கம் வந்த பிறகு சில்லறை மிச்சம் என்பதே போய்விட்டது, அதனால் சப்ளையருக்கும் டிப்ஸ் குறைந்துதான் போயிருக்கிறது. ஆகவே உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டு முன்னால் தெரியும் இரண்டு பேருக்கு மட்டும் செய்தால், நீங்கள் கிளம்பிய பத்தாவது நிமிஷம் சமையல்கட்டில் பேச்சாகிவிடும்.

என் யோசனை: எட்டுப் பேருக்கும் ஒரே தொகை, ஆளுக்கு 1,001. எட்டு கவர், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி. பெயர் தெரியவில்லையென்றால் அப்பாவுக்குப் பழக்கமான சப்ளையரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், "மாஸ்டர்", "அக்கா", "தம்பி" என்று எழுதாதீர்கள். 8,008 போக மீதி கிட்டத்தட்ட நாலாயிரத்தில் பொருளாக ஏதாவது.

---

மாசிவீதி:

கல்லாப்பெட்டி அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த மூத்த சப்ளையர் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மற்றவர்களுக்குக் கவர் கொடுங்கள். தோசையைக் குறைக்கச் சொல்லி உங்கள் அப்பாவையே அதட்டுகிற மனுஷனுக்கு வெறும் கவரை நீட்டினால் வாங்கிக்கொள்வார், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். நானும் பார்த்திருக்கிறேன், இப்படிப் பழகியவர்கள் பணத்தைக் கண்டதும் அடுத்த நாளிலிருந்து "சார், சார்" என்று ஒரு எட்டு தள்ளி நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அவரை அவருடைய வார லீவு நாளில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், வீட்டம்மாவோடு. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அவருக்கு வேட்டி சட்டை, அந்த அம்மாவுக்குப் புடவை வைத்து, கவரையும் அதன் அடியில் வைத்து, உங்கள் அப்பா கையால் கொடுக்கட்டும். உட்காரவைத்து ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். வருஷம் முழுக்க அடுத்தவனுக்குப் பரிமாறுகிறவர்கள், அவர்களுக்கு யாராவது இலை போட்டுப் பரிமாறினால் அது பெரிய விஷயம். இது கடைக்குள் நடக்காததால் மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவும் இடமில்லை.

நீங்கள் அருகில் நில்லுங்கள், கொடுப்பது அப்பாவாக இருக்கட்டும். தினமும் அங்கே போய் உட்காரப்போவது அவர்தானே.

---

தறிநாடா:

துணி எடுப்பதாக இருந்தால் தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், நிற்க இடம் இருக்காது. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயம் 30 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், கைத்தறி வேட்டி அங்கேயே எடுத்துவிடலாம். ஓட்டல் மாடியிலோ ரூமிலோ தங்கி வேலை செய்பவர்கள் இருந்தால் சென்னிமலை பெட்ஷீட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அடித்துத் துவைத்தாலும் வருஷக்கணக்கில் தாங்கும். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அதனால் சொல்வதாக நினைக்க வேண்டாம், தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு நல்ல போர்வை என்பது தாங்களாக வாங்கவே வாங்காத பொருள்.

---

நிலா1991:

அண்ணா, எங்கள் அம்மா 14 வருஷம் ஓட்டலில் பாத்திரம் கழுவித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். அந்த அக்காவையும் டேபிள் துடைக்கும் அம்மாவையும் நீங்கள் எட்டுப் பேர் கணக்கில் சேர்த்ததே எனக்கு நிறைவாக இருக்கிறது, பெரும்பாலும் அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

புடவை பற்றி ஒன்று சொல்கிறேன். தீபாவளி என்றால் முதலாளி வீட்டிலிருந்து ஒரு புடவை வரும், தெரிந்தவர்கள் ஒன்று கொடுப்பார்கள், எல்லாம் பீரோவில் அடுக்கியிருக்கும். ரவிக்கை தைக்கத் தனியாகக் காசு வேண்டும் என்பதால் பாதி புடவைகளை அம்மா கட்டியதே இல்லை. வேலைக்கு நைட்டியும் மேலே ஒரு பழைய சட்டையும்தான். புடவைதான் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் தையல் கூலியையும் சேர்த்து வைத்துக் கொடுங்கள்.

அம்மாவுக்கு உண்மையில் தேவைப்பட்டது காலுக்கு. பாத்திரம் கழுவும் இடத்தில் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், மழைக்காலத்தில் இன்னும் மோசம், தீபாவளி வருவதே மழையோடுதானே. ஓட்டலில் வெறும் காலோடு நிற்பார், இல்லையென்றால் தேய்ந்துபோன ஒரு செருப்பு. சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்த தரையில் அந்தச் செருப்போடு வழுக்கி விழுந்து கை உடைந்து ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை, அந்த ஒன்றரை மாதமும் சம்பளம் கிடையாது. அதனால் அந்த அக்காவுக்கு அடிப்பாகம் வழுக்காத, தண்ணீர் நிற்காத நல்ல ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள். கைக்கு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் நல்லதுதான், ஆனால் பலருக்கு அது பழக்கமில்லை, அதைப் போட்டால் பாத்திரம் நழுவுகிறது என்று கழற்றி வைத்துவிடுவார்கள். செருப்பு கட்டாயம் பயன்படும்.

டேபிள் துடைக்கும் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்கிறீர்கள். காலை முதல் நின்றுகொண்டே இருப்பதுதான் அந்த வேலையில் பெரிய கஷ்டம், முழங்கால் வீங்கிப் போகும், காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள், எல்லோருக்கும் துணிக்கடைப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள், சின்ன ஓட்டலில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பாட்டியை யாருக்கும் தோன்றவில்லை. முதலாளியோடு உங்களுக்கு நல்ல பழக்கம் இருந்தால், குற்றம் சொல்வது மாதிரி இல்லாமல், "அந்த அம்மா கூட்டம் இல்லாத நேரத்துல உக்கார ஒரு ஸ்டூல் வாங்கித் தரட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள். சின்ன ஸ்டூல், நடையில் இடிக்காத மாதிரி. எந்தப் பரிசையும் விட இதுதான் அவருக்குத் தினமும் உதவும்.

இன்னொன்று. ராத்திரி கடை சாத்தி, கழுவி விட்டுக் கிளம்பப் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. ஆனால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் ஷேர் ஆட்டோதான், நாள் கூலியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அந்த அக்கா எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல குடையும் கவரும் கொடுத்தாலே போதும்.

எல்லாவற்றையும் தீபாவளிக்கே செய்து முடித்துவிட வேண்டும் என்றும் இல்லை. எங்கள் வீட்டில் மிகவும் கஷ்டப்பட்ட மாதம் ஜூன். பள்ளிக்கூடம் திறந்து, எனக்கும் தம்பிக்கும் பீஸ், நோட்டு என்று வரும்போதுதான் அம்மா முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்டு நிற்பார். ஒரு வருஷம் தினமும் காபி குடிக்க வரும் வாத்தியார் ஒருவர் எங்கள் இரண்டு பேருக்கும் வருஷம் முழுவதற்கும் தேவையான நோட்டு வாங்கி அட்டை போட்டுக் கொடுத்தார். அவர் எனக்கு முகம்கூடத் தெரியாதவர். அம்மா இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவார்.

---

சத்திரப்பட்டி:

கூட்டமாக நிற்கவைத்து மாலை போட்டு போட்டோ எடுத்துப் போடும் வேலை மட்டும் வேண்டாம். கொடுப்பதை வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் கொடுக்காதீர்கள். மூன்று மணியிலிருந்து நான்கரை வரை ஓட்டல் ஓய்ந்திருக்கும், சப்ளையர்களும் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது போங்கள்.

---

ரயிலடி:

பீகார் தம்பிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். என் பட்டறையிலும் பீகாரிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களோடு பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அவர்களிடம் எந்த ஊர், வீட்டில் யார் யார், எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். முஸ்லிம் பையன்களாகக்கூட இருக்கலாம், தீபாவளிப் பரிசு என்றால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஊருக்குப் போகும் நாள் ரம்ஜானாக இருக்கும். இந்துப் பையன்கள் என்றால் தீபாவளியை விட அவர்களுக்குப் பெரியது சட் பூஜை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள், மாலையில் ஆற்றங்கரையில் இறங்கி நின்று அஸ்தமிக்கும் சூரியனுக்கு அர்க்கியம் விட்டு, மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கும் விடுவார்கள். பெரும்பாலும் வீட்டில் அம்மாதான் விரதம் இருப்பார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் 36 மணி நேரம். அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்கேயிருந்து வந்த ஒவ்வொருவனும் தவிப்பான்.

அதனால் அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ரயில் டிக்கெட். மதுரையிலிருந்து சென்னை போய், அங்கிருந்து பாட்னா பக்கம் போக ஒன்றரை நாளுக்கு மேல். பெங்களூரிலிருந்து தானாபூர் போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் சென்னை வழியாகத்தான் போகிறது, சட் பூஜை சமயத்தில் அதில் முன்பதிவில்லாத பெட்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள். அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு இவர்கள் மாவாட்டிக்கொண்டிருப்பார்கள், கூட்டம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கும். நீங்கள் புனேயில் உட்கார்ந்தபடியே போட்டுக் கொடுக்கலாம். போக மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், திரும்பி வரவும் போடுங்கள். திரும்ப டிக்கெட் கிடைக்காமல் பதினைந்து நாள் ஊரில் தங்கி, வேலை போன கதையெல்லாம் உண்டு.

இந்த வருஷம் நாள் தாண்டிவிட்டது என்றால், தோளில் மாட்டும் ஒரு நல்ல பை, சட் பூஜைக்கு அம்மா உடுத்த ஒரு புடவை. மதுரை சுங்குடி நூல் புடவை கொடுங்கள், புவிசார் குறியீடு பெற்றது, எடையே இருக்காது, மடித்தால் பையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். மிக்ஸி, குக்கர் மாதிரி கனமான சாமான் எதுவும் வேண்டாம், இரண்டு நாள் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. எதுவானாலும் அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே ரயில் ஏறிவிடுவார்கள், நீங்கள் தீபாவளிக்கு வந்து பார்த்தால் ஆளே இருக்காது.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரியவில்லை. படித்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன். ஆட்டோ, டாக்டர், மருந்து எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய், மூத்த சப்ளையர் அண்ணன்தான் கொடுத்திருக்கிறார். அப்பா கேட்டதற்கு "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டாராம். அதை நாளைக்கே அப்பா கொடுத்துவிடுவார். மாசிவீதி சொன்ன மாதிரி அவரை வீட்டுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டோம், நானும் மனைவியும்தான் சமைக்கிறோம்.

பீகார் தம்பிகள் இரண்டு பேரும் சமஸ்திபூர் பக்கமாம், சட் பூஜைக்குத்தான் போகிறார்கள். போக டிக்கெட் ஒருவருக்குக் கிடைத்துவிட்டது, இன்னொருவருக்கு வெயிட்டிங் லிஸ்ட். திரும்பி வர இரண்டு பேருக்கும் இன்னும் போடவில்லை என்றார்கள், அதை நான் இன்று இரவே போடுகிறேன். அவர்கள் அம்மாக்களுக்குச் சுங்குடிப் புடவை அப்பாவே போய் எடுத்துவிடுவதாகச் சொன்னார், அவருக்கும் ஒரு வேலை கிடைத்த சந்தோஷம்.

ஸ்டூல் விஷயத்தை முதலாளியிடம் நேரில்தான் பேச வேண்டும். முதலாளிக்கு என்ன செய்வது? நிலா, அக்காவின் செருப்பு அளவை எப்படிக் கேட்பது?

---

கல்லாப்பெட்டி:

முதலாளிக்குப் பணம், துணி எதுவும் வேண்டாம் தம்பி. ஒரு டஜன் மலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுங்கள். உங்கள் ஆட்கள் அப்பாவுக்கு இதையெல்லாம் செய்தார்கள் என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சொல்லுங்கள். சம்பளம் கூட்டும்போது அது அவர் நினைவில் இருக்கும். இணையத்தில் ஓட்டலைப் பற்றி எழுதுவதாக இருந்தால் மாஸ்டர்களின் கைப்பக்குவத்தைச் சேர்த்து எழுதுங்கள், ஆனால் யாருடைய முழுப்பெயரும் போட்டோவும் அவர்களைக் கேட்காமல் போட வேண்டாம்.

வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் தம்பிக்கு தட்கல் ஒன்று முயற்சி செய்யுங்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில். ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. அப்புறம் தீபாவளிக்கு ஓட்டல் எத்தனை நாள் லீவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஊருக்குப் போனால் மூன்று நான்கு நாள்கூடத் திறக்க மாட்டார்கள், நீங்கள் புனே திரும்பிய பிறகும் லீவு நீண்டால் அப்பாவின் சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்த்து வைக்க வேண்டும்.

---

நிலா1991:

அளவை நேராகவே கேளுங்கள் அண்ணா, "அக்கா, செருப்பு எத்தனாம் நம்பர்" என்று. மறைத்துக் கேட்டால்தான் கூச்சப்படுவார்கள். அண்ணியைக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. வாங்கும்போது ஒரு நம்பர் பெரிதாகவே வாங்குங்கள், ஈரத்தில் நின்று நின்று சாயங்காலம் பாதம் ஊறி வீங்கியிருக்கும். பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்.